மெஷினா, ஆள் கையா? பேட்டிங் பயிற்சிக்கு எதில் பணம் போடுவது

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நாங்கள் நெட்ஸ் (வலைப்பயிற்சி) போடும் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இண்டோர் கூண்டு இருக்கிறது. உள்ளே பௌலிங் மெஷின், மணிக்கணக்கில் வாடகை. என்னிடம் வரும் 13 வயதுப் பையன் ஒருவன் அங்கே அரை மணி நேரம் ஆடிவிட்டு வந்தான். அப்பா செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். கவர் டிரைவ், கவர் டிரைவ், மறுபடி கவர் டிரைவ். மட்டையின் நடுவில் பட்டு எழும் அந்தச் சத்தம் போனில் கேட்கவே சுகமாக இருந்தது. மறுநாள் மேட்ச். எதிரணியில் இவனைவிடச் சின்னப் பையன் ஒருவன், நாலு எட்டு ஓடிவந்து மெதுவாகப் போடுகிறவன். மூன்றாவது பந்துக்கு நம் ஆள் மட்டையைச் சீக்கிரமே வீசி மிட்-ஆஃபில் கேட்ச் கொடுத்துவிட்டு வந்தான். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "மெஷின்ல இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிடலாமா சார்?"

வருஷத்துக்குப் பத்துப் பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் பல வருஷமாக வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு நெட்ஸ் போடுகிறவன். அதற்கு முன் சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடினேன், யாருக்கும் ஞாபகம் இருக்கும்படி எதுவும் செய்யவில்லை. சென்னையில் இன்று ஒரு பெற்றோர் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: மெஷின், சைட் ஆர்ம் என்ற கரண்டியால் த்ரோடவுன் போடும், அதாவது பந்தை எறிந்து தரும் ஆள், நிஜ பௌலர்கள் போடும் நெட்ஸ். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒதுக்கியிருக்கும் பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கு மனிதக் கைக்குப் போகட்டும், மிச்சம் இருந்தால் மெஷினுக்கு. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

பிட்ச் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பௌலர் பக்கத்து முன்கோடு (பாப்பிங் க்ரீஸ்) முதல் பேட்ஸ்மேன் பக்கத்து முன்கோடு வரை 17.68 மீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடி. பள்ளிப் பையன் போடும் 90 கிலோமீட்டர் பந்துக்குச் சுமார் 0.7 விநாடி. கண் பார்த்ததை மூளை வாங்கி, முடிவெடுத்து, கையை அசைக்க ஆரம்பிக்கவே சுமார் 200 மில்லி விநாடி ஆகிவிடும். மட்டையை இறக்குவதற்கு அதற்கு மேலும் நேரம் வேண்டும்.

"பெரிய பிளேயருக்கு ரிஃப்ளெக்ஸ் வேற லெவல்" என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் நம் கற்பனை. 1987இல் பீட்டர் மெக்லியோட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மேட்டிங் விரிப்புக்கு அடியில் மெல்லிய மரக்கழிகளைப் போட்டு, பந்து குத்திய பிறகு எந்தப் பக்கம் விலகும் என்று யாருக்கும் தெரியாதபடி வைத்தார். சர்வதேச அளவில் ஆடியவர்களாலும் பந்து விலகிய 200 மில்லி விநாடிக்குள் மட்டையின் பாதையைத் திருத்த முடியவில்லை. அதாவது அவர்களுடைய எதிர்வினை வேகம் நம்முடையதைப் போலத்தான்.

அப்படியானால் அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு நேரம் கிடைக்கிறது? முன்கூட்டியே தெரிந்துகொள்வதால். அதே மெக்லியோட், மைக்கேல் லேண்ட் என்பவரோடு சேர்ந்து 2000இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். மூன்று பேட்ஸ்மேன்களின் கண் எங்கே போகிறது என்று தலையில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். மூவருமே பந்தை முழுவதும் பார்க்கவில்லை. கிளம்பும்போது கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் கண் பந்தை விட்டுவிட்டு, அது எங்கே குத்தப்போகிறதோ அந்த இடத்துக்குத் தாவி முன்னாலேயே காத்திருந்தது. மூவரில் கைதேர்ந்தவருடைய கண் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தாவியது. "பந்து மேலிருந்து கண்ணை எடுக்காதே" என்று தலைமுறை தலைமுறையாகக் கத்துகிறோம், நானும் கத்தியிருக்கிறேன். நல்ல பேட்ஸ்மேன் கண்ணை எடுக்கத்தான் செய்கிறான், சரியான நேரத்தில்.

பந்து கிளம்புவதற்கு முன்பே சேதி வர ஆரம்பித்துவிடுகிறது. பௌலரின் ஓட்டம், தோள், கை வரும் கோணம், மணிக்கட்டு, விரல்கள் பந்தின் சீம், அதாவது தையல், மேல் பிடித்திருக்கும் விதம். ஷான் முல்லர், புரூஸ் அபர்னெத்தி, டேமியன் ஃபாரோ மூவரும் 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பௌலரின் வீடியோவை ஓடவிட்டு, பந்து கையை விட்டுக் கிளம்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும் படத்தை அறுத்துவிட்டு, "என்ன பந்து?" என்று கேட்பது. தேர்ந்தவர்கள் கையையும் மணிக்கட்டையும் பார்த்தே ஓரளவு சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணிலும் அதே கைதான் பட்டது. அது என்ன சொல்கிறது என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

இதற்கு ஆய்வகமே வேண்டாம், நாம் டிவியில் பார்த்ததே போதும். 2008 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம், கராச்சி. இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் அஜந்தா மெண்டிஸ் 13 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். நடுவிரலால் சொடுக்கிவிடும் அந்தக் கேரம் பந்தைச் சென்னைத் தெருக்காரர்கள் சொடக்கு பந்து என்பார்கள். சுழலை ஊறுகாய் மாதிரி தொட்டுத் தொட்டு வளர்ந்த இந்திய பேட்ஸ்மேன்களுக்கு அந்த விரல்கள் சொன்ன பாஷை மட்டும் தெரியவில்லை. அடுத்து வந்த டெஸ்ட் தொடரிலும் அவர் மிரட்டினார், அதன்பின் போகப் போக அந்த மர்மம் கரைந்தது. யாருடைய ரிஃப்ளெக்ஸும் அதற்குள் கூடிவிடவில்லை. அந்தக் கையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மலிங்கா விஷயமும் இதுவே. பந்து தலைக்கு மேலிருந்து வரும் என்று பழகிய கண்ணுக்கு, தாழ்வாகப் பக்கவாட்டிலிருந்து பந்து கிளம்பினால் தேடவே நேரம் போய்விடும்.

சரி, மெஷினுக்கு வருவோம். அந்தப் பையனோடு ஒரு நாள் நானே கூண்டுக்குப் போனேன். மெஷின் போடும் அண்ணன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார், "வருது" என்பார், குழாயில் விடுவார், அரை நொடி கழித்துப் பந்து பறக்கும். பந்துக்குச் சீம் கிடையாது. மேலெல்லாம் குழிகுழியாக இருக்கும் பிளாஸ்டிக் பந்து. இருபது பந்து பார்த்தேன், எல்லாமே ஒரே லெங்த், தரையில் குத்தும் இடம் மாறவே இல்லை. பிறகு அண்ணனிடம் காதோடு சொன்னேன்: "அடுத்த பந்தைக் காட்டுங்க, ஆனா விடாதீங்க." அவர் தூக்கினார், கையை இறக்கினார், பந்தை விடவில்லை. பையனின் முன்கால் போய்விட்டது, முட்டி மடங்கிவிட்டது, மட்டை பாதி வழி இறங்கிவிட்டது. எதிரே பந்தே இல்லை. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை.

அவன் அரை மணி நேரம் பழகியது கவர் டிரைவ் மட்டும் கிடையாது. அந்த அண்ணனின் கை இறங்கியதும் எத்தனை நேரம் கழித்துக் கால் வைப்பது என்பதையும் சேர்த்துப் பழகியிருந்தான். மேட்ச்சில் எதிரே இருந்தது வேறு கை, வேறு தாளம், மெதுவான பந்து. கால் பழைய தாளத்தில் போனது. ராஸ் பிண்டர், இயன் ரென்ஷா, கீத் டேவிட்ஸ் 2009இல் இளம் ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான். பௌலரை ஆடும்போதும் மெஷினை ஆடும்போதும் காலும் மட்டையும் அசையும் நேரமும் ஒருங்கிணைப்பும் மாறிவிடுகின்றன. பார்ப்பதற்கு அதே டிரைவ். உள்ளே ஓடுவது வேறு வேலை.

அதற்காக மெஷினைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. முதுகுவலியோ விரல் முறிவோ வந்து இரண்டு மாதம் மட்டையே தொடாமல் இருந்தவனுக்கு, பந்து மட்டையில் படும் உணர்வு திரும்ப வர அதைவிட நல்ல துணை இல்லை. ஷார்ட் பாலைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு, டென்னிஸ் பந்து போடும் மெஷினில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பயத்தைத் தெளிவிக்கலாம். ஸ்வீப் ஷாட்டைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கும் முதல் இரண்டு நாளும் அப்படித்தான். பந்து எங்கே வரும் என்ற கவலை இல்லாமல் உடம்பை மட்டும் கவனிக்கட்டும். மழைக்காலத்தில் வேறு வழியும் கிடையாது. அப்படி எடுப்பதானாலும் ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையே லெங்த்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். மெஷின்காரர்கள் முகம் சுளிப்பார்கள். திருகாணியைத் திருப்பித் திருப்பி அவர்கள் கைதான் வலிக்கும்.

த்ரோடவுன் இடையில் இருக்கிறது. சைட் ஆர்ம் என்பது நீண்ட பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒரு சாமான். நாய்க்குப் பந்து எறிந்து விளையாடும் கருவியிலிருந்து கிரிக்கெட்டுக்கு வந்தது. தோளுக்கு அதிக வலி இல்லாமல் ஒரே ஆள் நூறு பந்துக்கு மேல் வேகமாக எறியலாம். இந்திய அணியில் ராகவேந்திரா என்ற கர்நாடகக்காரர் பல வருஷமாக இந்த வேலையைச் செய்து பெயர் வாங்கியவர். வலைப்பயிற்சியில் அவர் வேகத்துக்குப் பழகிவிட்டால் மேட்ச்சில் வேகப்பந்து மெதுவாகத் தெரியும் என்று கோலியே புகழ்ந்திருக்கிறார். இங்கே ஒரு மனிதக் கை சுழல்கிறது, தோள் திறக்கிறது, சீம் உள்ள தோல் பந்து வருகிறது. ஃபுல்லா (பேட்ஸ்மேனுக்குக் கிட்டே குத்துவது) ஷார்ட்டா (தள்ளிக் குத்துவது) என்பதைக் கரண்டி எப்போது பந்தை விடுகிறது என்பதிலிருந்து பிள்ளை படிக்க ஆரம்பிக்கிறான். கிடைக்காதது மணிக்கட்டும் விரலும். அதனால் சுழலுக்கு இதனால் பயனில்லை, வெறும் கையால்தான் போட வேண்டும். இன்னொரு சிக்கல், பெரும்பாலான த்ரோடவுன் ஆட்கள் பிள்ளையைச் சந்தோஷப்படுத்தவே எறிகிறார்கள். வாட்டமாக வரும் அரை வாலி, அதே இடம், அதே வேகம். அப்படி எறிந்தால் அது கையுள்ள மெஷின்.

மூன்றாவது, நிஜ நெட்ஸ். இதைப் பற்றி எல்லாப் பெற்றோரும் சொல்லும் குறை ஒன்று: "பத்து நிமிஷம்தான் பேட்டிங் கிடைக்குது. அதுலயும் பாதி பந்து வைடு." உண்மை. ஆறு பையன்கள் வரிசையாகப் போடுவார்கள். ஒருத்தன் இடது கை, ஒருத்தன் லெக் ஸ்பின் என்று நினைத்துக்கொண்டு எதையோ போடுவான், ஒருத்தன் க்ரீஸைத் தாண்டி 18 கஜத்திலிருந்து எறிவான். (இந்த நோ-பால் திருட்டை மட்டும் நான் விடுவதில்லை, கோடு போட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். தூரம் குறைந்தால் பேட்ஸ்மேன் பழகும் நேரக் கணக்கே தப்பாகிவிடும்.) ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு பந்துக்கும் பிள்ளை ஒரு புதுக் கையைப் படித்தாக வேண்டும். அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். வைடை விடுவதும் ஒரு முடிவுதான். மெஷினில் நூறு பந்து ஆடினாலும் அந்த முடிவை ஒரு தடவைகூட எடுக்க வேண்டியிருக்காது.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு தேர்வு: ஒரே ஷாட்டை வரிசையாக முப்பது தடவையா, கலந்தா? இதற்குப் பக்கத்து ஆட்டமான பேஸ்பாலில் 1994இல் வந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு தடவையும் வழக்கத்துக்கு மேல் 45 பந்து. மூன்று வகைப் பந்து, வகைக்கு 15. ஒரு குழுவுக்கு 15, 15, 15 என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45ஐக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி. மூன்றாவது குழுவுக்குக் கூடுதல் பந்தே இல்லை. கடைசியில் சோதித்தபோது கலந்து ஆடியவர்கள் சுமார் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள், வரிசையாக ஆடியவர்கள் 25, சும்மா இருந்தவர்கள் 6.

காரணம் சிக்கலானதில்லை. ஒரே பந்து திரும்பத் திரும்ப வரும்போது போன பந்துக்கு எடுத்த முடிவு இன்னும் தலையிலேயே இருக்கும், அதையே திரும்ப ஓட்டினால் போதும். கலந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படித்து, தேடி எடுத்து ஆட வேண்டும். அந்த அலைச்சல்தான் மனதில் தங்குகிறது. வம்பு என்னவென்றால், பயிற்சி நடக்கும்போது வரிசையாக ஆடுகிறவன்தான் நன்றாக ஆடுவதுபோல் தெரிவான். வீடியோ அழகாக வரும். கலந்து ஆடுகிறவன் திணறுவான், வீடியோவை யாருக்கும் அனுப்ப முடியாது. பணம் கட்டுகிற பெற்றோருக்கு எந்த வீடியோ பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அகாடமிகளுக்கும் அது தெரியும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: மட்டை பிடிக்கவே இப்போதுதான் பழகும் எட்டு வயதுக் குழந்தையிடம் இதைத் திணிக்காதீர்கள். சின்னவர்களிடம், அதுவும் மைதானத்தில், கலந்து ஆடுவதால் வரும் லாபம் இவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. முதலில் பந்து மட்டையில் படட்டும்.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூண்டுக்கு வெளியே நின்று, "முழங்கை மேல, தலை ஆடாதே, முட்டியை மடக்கு" என்று ஒவ்வொரு பந்துக்கும் சொல்லும் அப்பாக்கள் உண்டு. அரை விநாடிக்குள் கையைப் படிக்க வேண்டிய தலையில் இன்னும் மூன்று கட்டளையைத் திணித்தால் எதற்கு இடம் இருக்கும்? ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் கோல்ஃப் பட்டிங்கில் காட்டியது இது: விதிமுறைகளைப் படித்துப் படித்துக் கற்றவர்கள், பணமும் பார்வையாளரும் வைத்து நெருக்கியபோது தடுமாறினார்கள். விதி எதுவும் தெரியாமல் பழகியவர்கள் அசரவில்லை. நான் இப்போது உடம்பைப் பற்றிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். "முழங்கையை உயர்த்து" என்பதற்குப் பதில் "பௌலர் காலுக்கே திருப்பி அனுப்புடா" என்பேன். முழங்கை பெரும்பாலும் தானே உயர்ந்துவிடுகிறது. ஐந்து பந்துக்கு ஒரு தடவை பேசினால் போதும், அதையும் "என்ன பார்த்தே?" என்ற கேள்வியாகக் கேட்டால் இன்னும் நல்லது.

இனி முடிவுக்கு. பத்து வயதுக்குக் கீழே என்றால் மூன்றுமே வேண்டாம். டென்னிஸ் பந்தும் தெருவும் இருந்தால் போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். பிராட்மேன் ஆஸ்திரேலியாவின் பௌரல் ஊரில் சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்ப்பால் அடித்துப் பழகியவர். பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று அவருக்கே தெரியாது, கவனிக்க வேண்டியது அதைத்தான். சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனும் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர்தான். 11 முதல் 15 வரை நெட்ஸ் முதலில், த்ரோடவுன் அடுத்து. மெஷின், ஒரு குறிப்பிட்ட குறையைச் சரிசெய்ய மட்டும், மாதத்தில் ஓரிரு தடவை. அதற்கு மேல் லீக்கில் ஆடுகிறவனுக்கு 130க்கு மேல் போடும் பௌலர் தினமும் கிடைக்க மாட்டார், அங்கே நல்ல சைட் ஆர்ம் ஆளுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. உங்கள் ஊரில் மெஷின் மட்டும்தான் இருக்கிறதா? அதையே எடுங்கள், லெங்த்தை மாற்றச் சொல்லுங்கள். அதோடு காசில்லாத ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏதாவது ஒரு நெட்டில் பெரிய பையன்கள் ஆடும்போது, உங்கள் பிள்ளையை பேட்ஸ்மேனுக்குப் பின்னால், வலைக்கு வெளியே நிற்க வையுங்கள். பந்து தரையில் குத்துவதற்கு முன் "ஃபுல்" அல்லது "ஷார்ட்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் குத்திய பிறகுதான் சொல்வான். இரண்டு வாரம் போகட்டும்.

அந்தப் பையனுக்கு மெஷின் நேரத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தோம். சனி, ஞாயிறு நெட்ஸ், புதன்கிழமை த்ரோடவுன். போன வாரம் அப்பா சொந்தமாக ஒரு சைட் ஆர்ம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் நாள் அவர் எறிந்ததில் பாதி கூண்டின் கூரை வலையில் போய் மாட்டியது, ஒன்று எனக்கு மேலே பறந்தது. பையன் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் "பீமர், பீமர்" (தரையில் குத்தாமலே உயரமாக வரும் பந்து) என்று சொல்லிக்கொண்டிருந்தான். அத்தனையும் பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே.